கடல் கடந்த ரிஜ்கும் வீட்டு வாசலின் கடமையும்

திண்டிவனத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மஃரிப் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்த நேரம். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓர் இளைஞர் வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார். நான் அறிந்த வீட்டுப் பிள்ளைதான். கணக்கில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறார். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் திரும்புகிறவர்.

"மாமா, மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வந்திருக்கிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம். இங்கே வாங்குவதைப்போல் நாலு மடங்கு சம்பளம். போகலாமா?" என்று கேட்டார்.

அவருடைய அத்தாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சர்க்கரை வியாதி, கண்பார்வையும் மங்கி வருகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் ஐந்து லட்சம்; அதில் ஒரு பகுதி வட்டிக்கு வாங்கியது. வட்டி ஹராம் என்று தெரிந்தும், அன்றைய நெருக்கடியில் குடும்பம் அதில் கையை வைத்துவிட்டது. இன்றுவரை அந்தக் கையை எடுக்க முடியவில்லை.

திண்ணையில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர், "முஸ்லிம் நாடு; யோசிக்கவே வேண்டாம், புறப்படு" என்றார். இன்னொருவர், "பெற்றவர்களை இந்த நிலையில் விட்டுப் போகிறவன் பிள்ளையா?" என்று கடிந்துகொண்டார். மூன்றாமவர், "ஊரே போகிறது, நீ மட்டும் இங்கே உட்கார்ந்து என்ன சாதிக்கப் போகிறாய்?" என்றார். மூன்று பேரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் மூன்று பதில்களும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன. ஒரு குடும்பத்தின் பல வருட வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்விக்கு ஒரு நிமிடப் பதில் போதுமா? அந்தப் பிள்ளைக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரச் சிந்தனையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது அவர் ஒருவரின் வீட்டுக் கேள்வி அல்ல. நம்மில் எத்தனையோ வீடுகளின் கேள்வி.

பயணம் நமக்குப் புதிதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொருள் தேடிப் பயணம் போவது இஸ்லாத்தில் குற்றமல்ல. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி திருமறையே கூறுகிறது. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழரிடம் கடைத்தெருவுக்கு வழியைத்தான் கேட்டார்கள். உழைக்கக் கூடியவன் கையேந்தி நிற்பதை நம் மார்க்கம் விரும்பவில்லை.

நம் வட்டாரமும் பயணத்தை அறிந்த வட்டாரம்தான். சென்னையிலிருந்து தனுஷ்கோடி போய்ச் சேர்ந்த போட் மெயில் விழுப்புரம் சந்திப்பைத் தொட்டுத்தான் சென்றது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, அந்த ரயிலில் இறங்கிக் கப்பல் ஏறி இலங்கைத் தீவுக்குப் போனவர்கள் கணக்கற்றவர்கள். புதுச்சேரித் துறையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இங்கே நம் வயல்களில் விளையும் மல்லாட்டையின் பெயரிலேயே கடல் இருக்கிறது. மணிலாக்கொட்டை என்பதுதான் மக்கள் வாயில் மல்லாட்டையாயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரம்.

ஆனால் அந்த வரலாறு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, தலைமுறைகளாக இலங்கையில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. தம் ஊர் என்று நினைத்திருந்த மண், ஒருநாள் தம்மை அந்நியர் என்று எண்ணிவிட்டதை அவர்கள் கண்டார்கள். உழைக்கப் போன இடம் வேறு, உரிமையுள்ள இடம் வேறு. இந்த வேறுபாட்டைப் பயணம் புறப்படும்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

"முஸ்லிம் நாடு" என்பது மட்டும் போதுமா?

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளின் கூட்டம். அவற்றில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 1153-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசர் இஸ்லாத்தைத் தழுவினார். அன்றுமுதல் அது முஸ்லிம் நாடாகவே இருந்து வருகிறது. தலைநகர் மாலேயில் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டிய ஜும்ஆப் பள்ளிவாசல் 1658-ல் முடிந்தது, இன்றும் நிற்கிறது. 1965 ஜூலை 26-ல் நாடு சுதந்திரம் பெற்றது. 2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி முஸ்லிமல்லாதவர் அந்நாட்டின் குடிமகனாக முடியாது. நம் சமையலறைகளில் மாசி என்று வழங்கும் கருவாட்டைப் பல காலமாக நமக்கு அனுப்பி வரும் நாடும் அதுவே. அங்குள்ள பள்ளிக்கூடங்களில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்கள்.

ஆக, அந்த நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பாங்கு ஒலி கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல். கடையில் வாங்கும் இறைச்சி ஹலாலா என்று விசாரிக்க வேண்டியதில்லை. இங்கே ஜும்ஆவுக்காகத் தலைமையாசிரியரிடம் ஒவ்வொரு வாரமும் தயங்கி நிற்கும் ஆசிரியருக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல.

என்றாலும் மண் மனிதனைப் புனிதனாக்கிவிடுமா? அபூதர்தா (ரலி) அவர்கள் ஷாம் நாட்டின் புனித பூமியிலிருந்து, தம் சகோதரர் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களை அங்கே வந்துவிடும்படி எழுதினார்கள். பூமி யாரையும் புனிதமாக்குவதில்லை, மனிதனை அவனுடைய செயலே புனிதமாக்குகிறது என்ற கருத்தில் ஸல்மான் (ரலி) பதில் எழுதியதாக இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். பைத்துல் முகத்தஸ் இருக்கும் மண்ணைப் பற்றியே ஸஹாபி அப்படிச் சொன்னார் என்றால், மற்ற மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அதே மாலத்தீவில் 1972-ல் முதல் உல்லாச விடுதி திறந்தது. இன்று சுற்றுலாத்தான் அந்நாட்டின் பெரும் வருமானம். மக்கள் குடியிருக்கும் தீவுகளில் மது கூடாது. ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதித் தீவுகளில் மது பரிமாறுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் ஹோட்டல் நிர்வாகப் படிப்பு படித்தவர்களுக்கு அத்தகைய விடுதிகளிலிருந்தே வேலை வருகிறது. மதுவைக் குடிப்பவனை மட்டுமல்ல, அதைப் பிழிபவன், சுமப்பவன், பரிமாறுபவன், விற்பவன் என்று அதோடு தொடர்புடைய பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் இருக்கிறது. "முஸ்லிம் நாட்டில்தானே வேலை" என்று சொல்லிக்கொண்டு மதுக்கோப்பையை ஏந்தி நிற்பவனை அந்த நாட்டின் பெயர் காப்பாற்றாது. நம் ஆசிரியர் வேலை அப்படிப்பட்டதல்ல. அது கண்ணியமான வேலை. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த நாடு என்பதல்ல, எந்த வேலை என்பதே.

இன்னொன்றும் உண்டு. தீவு என்றதும் நீலக் கடலும் தென்னை மரமுமாகப் படத்தில் பார்த்ததுதான் நம் பிள்ளைகளின் மனத்தில் நிற்கிறது. அங்கே ஆறு இல்லை. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தபோது, தலைநகரமே குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. 2004 டிசம்பர் 26-ல் நம் மரக்காணம் கரையைத் தாக்கிய அதே சுனாமி அங்கும் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். சிறு தீவில் பெரிய வியாதி வந்தால் படகேறியோ விமானமேறியோதான் தலைநகருக்குப் போக வேண்டும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு பெரிய பயணியின் சிறு மகன்

இந்த மாலத்தீவுக்கு நமக்கெல்லாம் முன்னால் வேலைக்குப் போன ஒரு வெளிநாட்டார் இருக்கிறார். மொராக்கோ நாட்டு இப்னு பதூதாதான் அவர். டில்லியில் காழியாக இருந்தவர், 1343-ல் மாலத்தீவு போய்ச் சேர்ந்தார். படித்தவர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அறிந்ததும், அந்நாட்டார் அவரை விடவில்லை, காழியாக்கினார்கள். அங்கேயே திருமணங்களும் செய்துகொண்டார். ஜும்ஆவுக்கு வராதவர்களைக் கண்டித்து ஒழுங்குபடுத்தினார். பிறகு அங்குள்ள பிரமுகர்களோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, 1344-ல் புறப்பட்டுவிட்டார். இலங்கை போய், அங்கிருந்து வரும் வழியில் கப்பல் சேதமுற்று, மஅபர் என்று அவர் குறிப்பிடும் நம் தமிழகக் கரையில் வந்து ஒதுங்கினார்.

இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். பலர் கவனிக்காத ஒரு செய்தி அவருடைய பயண நூலில் இருக்கிறது. அவர் புறப்படும்போது கர்ப்பமாக இருந்த ஒரு மனைவிக்கு மாலத்தீவில் ஆண் குழந்தை பிறந்தது. சில காலம் கழித்து, அந்தக் குழந்தையைப் பார்க்க இப்னு பதூதா மீண்டும் அங்கே போனார். அப்போது பிள்ளைக்கு வயது இரண்டு. அழைத்துச் செல்ல நினைத்துத்தான் போனார். ஆனால் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியபோது, அவன் தாயோடும் அந்த மக்களோடும் இருப்பதே அவனுக்கு நல்லது என்று கருதி, அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். உலகமே போற்றும் அந்தப் பயண நூலில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது சில வரிகளே.

அந்த முடிவில் குழந்தைக்கு அவர் அநீதி செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தாயிடமிருந்து பிரிக்காமல் விட்டது இரக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆயிரக்கணக்கான காத தூரம் கடந்த ஒரு மனிதர், கண்டதையெல்லாம் எழுதிவைத்தவர், தம் மகனுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுத முடியவில்லை. ஏனென்றால் அது அவருக்கே தெரியாது. பயணத்தின் விலையைப் பயணி மட்டும் கொடுப்பதில்லை. அவன் கொடுப்பதைவிட அதிகமாக, வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். அவர்களைக் கேட்காமலே அவர்கள் பங்கு வசூலாகிவிடுகிறது.

அப்படியானால் "போவது ஆகுமா?" என்பதோடு நிற்காமல், "இந்தப் பயணத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? அவர்கள் மனம் ஒப்பிக் கொடுக்கிறார்களா?" என்றும் நாம் கேட்க வேண்டும் அல்லவா?

தராசின் இரு தட்டுகள்

ஒரு தட்டில் பெற்றோரை வையுங்கள். அல்லாஹ் தன்னை வணங்கும் கட்டளையோடு சேர்த்தே பெற்றோருக்கு நன்மை செய்வதையும் வலியுறுத்துகிறான். அவர்கள் முதுமை அடைந்து நம்மிடம் இருக்கும்போது "சீ" என்ற அளவில்கூட மனம் நோகப் பேசக் கூடாதென்கிறான். போருக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்து, அவர்களுக்குச் செய்யும் பணியிலேயே பாடுபடும்படி திருப்பி அனுப்பினார்கள். யமன் நாட்டு உவைஸுல் கர்னி (ரஹ்) அவர்கள், நாயகத்தின் காலத்திலேயே வாழ்ந்தும், தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்ததால் நாயகத்தை நேரில் காணும் பேற்றை இழந்தார்கள். ஆனால் நாயகத்தின் நாவால் புகழப்படும் பேற்றைப் பெற்றார்கள். ஸஹாபி என்ற பட்டத்தையே ஒரு தாய்க்காக ஒருவர் விட்டிருக்கிறார் என்றால், நாலு மடங்குச் சம்பளம் எம்மாத்திரம்?

அதே தட்டில் மனைவியையும் வையுங்கள். உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவில் மதீனாவின் தெருக்களில் நடந்து சென்றபோது, போர்முனைக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் வருந்திப் பாடுவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டறிந்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதற்குமேல் வீரர்களை வீட்டைவிட்டு நிறுத்தி வைக்கக் கூடாதென்று கலீபா ஏற்பாடு செய்தார்கள். தீனைக் காக்கும் போருக்கே இந்த வரம்பு. நாம் வருடக் கணக்கில் போகிறோம். மனைவியின் சம்மதத்தையாவது கேட்கிறோமா? "உங்க இஷ்டம்" என்று அவள் சொல்வதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம். வேறு பதில் சொல்ல அவளுக்கு நாம் இடமே வைக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி அடுத்த தட்டைப் பாருங்கள். குடும்பத்துக்கு உணவும் உடையும் தருவது ஆண்மகன் மீது கடமை. தன் பொறுப்பில் இருப்பவர்களைப் பட்டினியில் விடுவது ஒருவனுக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. சிறு பிள்ளைகளுக்காகவும் முதிய பெற்றோருக்காகவும் உழைக்கப் புறப்படுபவன் அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வட்டிக் கடன் ஒரு வீட்டில் இருக்கும்வரை அந்த வீட்டுக்குப் பரக்கத் எங்கிருந்து வரும்? அத்தாவின் மருந்துச் செலவை இங்குள்ள சம்பளம் தாங்கவில்லை என்றால், அத்தாவின் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது மட்டுமே பணிவிடை ஆகிவிடுமா? ஆகவே "போகாதே" என்று சொல்வதும் அவ்வளவு எளிதல்ல. போகாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் யாரோ கொடுக்கத்தான் வேண்டும்.

சிலர் இப்ராஹீம் (அலை) அவர்களை உதாரணம் காட்டுவார்கள். பச்சிளம் குழந்தையையும் ஹாஜரா அம்மையாரையும் அவர்கள் புல் பூண்டற்ற பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஹாஜரா அம்மையார் பின்தொடர்ந்து வந்து கேட்ட கேள்வியை நினைத்துப் பாருங்கள். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்று பதில் வந்த பிறகே, அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று திரும்பி நடந்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களிடம் இருந்தது இறைக்கட்டளை. நம் கையில் இருப்பது விசா. விசாவைக் கட்டளையாக எண்ணிக்கொண்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று குடும்பத்தை விட்டுப் புறப்படுவது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

என் வாழ்விலிருந்து ஒன்று

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் இருப்பது நேர்மையாகாது. நானும் 1980-களில் வளைகுடா போனவன்தான். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனேன். கடன் அடைந்தது. "இன்னும் ஒரு வருடம் இருந்தால் வீடு கட்டிவிடலாம்" என்று தோன்றியது. வீடு எழுந்தது. "இன்னும் ஒரு வருடம்" என்று தங்கையின் திருமணம் வந்தது. அதற்கு அடுத்த வருடத்துக்குக் காரணமே தேவைப்படவில்லை. பழக்கம் போதுமானதாக இருந்தது. ஒன்பதாம் வருடத்தில் அத்தா வஃபாத்தானார்கள். எனக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசி மூன்று நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "வந்துட்டானா?" என்று கேட்டார்களாம். அம்மா இதை என்னிடம் பல வருடம் சொல்லவில்லை.

மீண்டும் அந்த வயது வந்தால் போவாயா என்று என்னை யாராவது கேட்டால், போவேன் என்றே சொல்வேன். அந்த இரண்டு வருடம் இல்லாவிட்டால் எங்கள் வீடு கடனிலிருந்து மீண்டிருக்காது. ஆனால் ஒன்பது வருடம் இருக்க மாட்டேன். நான் செய்த தவறு போனதில் இல்லை. ஒவ்வொரு முறையும் நீட்டித்ததில் இருக்கிறது. முதல் ஒப்பந்தத்துக்கு இரவெல்லாம் யோசித்தவன், நான்காவது ஒப்பந்தத்தில் தேநீர் குடித்துக்கொண்டே கையெழுத்திட்டேன்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். வெளிநாடு போவது ஒரே ஒரு முடிவு அல்ல. ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு புதிய முடிவு. ஒவ்வொன்றுக்கும் புதிய நிய்யத் வேண்டும். பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு என்றும், போன தேவை முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. தேவை முடிந்ததும் என்றால், தேவை எது என்று புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அளவு சொல்லாத தேவை ஒருநாளும் முடியாது. ஆதமுடைய மகனுக்கு ஓர் ஓடை நிறையத் தங்கம் கிடைத்தாலும் இரண்டாவதைத் தேடுவான் என்பதும் நாயகத்தின் எச்சரிக்கைதானே!

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை வந்தபோது, நான் "போ" என்றோ "போகாதே" என்றோ சொல்லவில்லை. சில காரியங்களைச் செய்துவிட்டு முடிவெடுக்கச் சொன்னேன்.

ஒன்று: தேவையை ஒரு தாளில் தொகையாக எழுது. கடன் இவ்வளவு, அதில் வட்டிக் கடன் இவ்வளவு, அத்தாவின் கண் சிகிச்சைக்கு இவ்வளவு. முதல் சம்பளத்திலிருந்து வட்டிக் கடனை முதலில் தீர். தொகை சேர்ந்த நாளில் திரும்பு. அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்து வை.

இரண்டு: நள்ளிரவில் அத்தாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால், முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அழைத்துப் போகப் போவது யார்? "யாராவது இருப்பார்கள்" என்பது பதிலல்ல. ஒரு மனிதரின் பெயர் வேண்டும். அவர் அந்தப் பொறுப்பை வாயால் ஏற்றிருக்க வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூன்று: மனைவியிடம் தனியே கேள். குழந்தையோடு உடன் அழைத்துப் போக ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பார். இல்லையென்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர முடியும் என்பதை அவளோடு சேர்ந்து முடிவு செய். திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இங்கிருந்து திருவனந்தபுரம் ஓர் இரவு ரயில். அக்காலத்துச் சபர் போன்றதல்ல இது. வர மனமிருந்தால் வரலாம்.

நான்கு: ஒப்பந்தத்தை வரிக்கு வரி படி. சம்பளம், தங்குமிடம், விடுமுறை, திரும்பும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும். குறைந்த படிப்புள்ளவர்கள் போக அரசின் முன் அனுமதி கோரும் 18 நாடுகளின் பட்டியலில் மாலத்தீவு இல்லை. ஆகவே யாரோ ஓர் அதிகாரி பார்த்துச் சொல்வார் என்று இருந்துவிட முடியாது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கு. விசாரிப்பதும் தவக்குலின் ஒரு பகுதியே.

ஐந்து: வஸிய்யத்தை எழுதி வை. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது வீட்டில் எழுத்தாக இருக்கட்டும். இது வெளிநாடு போகிறவனுக்கு மட்டுமான சுன்னத்து அல்ல, இங்கேயே இருக்கிறவனுக்கும்தான்.

ஆறு: போன இடத்தில் நீ முஸாபிர் என்று எண்ணிக்கொண்டு வருடக் கணக்கில் தொழுகையைச் சுருக்கித் தொழாதே. ஓர் ஊரில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தாலே ஹனபி மத்ஹபில் நீ அந்த ஊர்வாசி. ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாளே போதும். ஊர்வாசியின் தொழுகை உனக்கு உண்டென்றால், ஊர்வாசியின் கடமையும் உண்டு. சிறு தீவின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பாதி வருடத்தில் ஓடிவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வாத்தியார் நாளையே கிடைக்க மாட்டார். வகுப்பு உனக்கு அமானத். அங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேசத்து ஏழைத் தொழிலாளியும் உன் அண்டை வீட்டான்தான். அவனைப் பார்த்து முகம் திருப்பாதே.

ஏழு: இவ்வளவும் செய்தபின் இஸ்திகாரா தொழு. பலர் நினைப்பதுபோல் அது கனவில் பச்சையும் சிவப்பும் பார்ப்பதற்கான தொழுகை அல்ல. இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதானால் எனக்கு எளிதாக்கு. தீமையானால் என்னை அதிலிருந்தும் அதை என்னிலிருந்தும் திருப்பிவிடு என்று இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் துஆ அது. விசாரிக்காமல் இஸ்திகாரா செய்வது சோம்பல். விசாரித்துவிட்டு இஸ்திகாரா செய்யாமல் இருப்பது ஆணவம்.

அம்மாவின் கேள்வி

பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். தாள் எழுதியிருந்தார். அத்தாவைக் கேட்டபோது, "போய்ட்டு வாப்பா, எனக்கென்ன" என்று உடனே சொல்லிவிட்டார்களாம். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதாக இருந்தால் சம்மதம் என்றாராம். பெரியப்பா மகன் ஒருவர் இரவு நேரப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாராம்.

"அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நாலு மடங்கு சம்பளம்னு சொன்னேன், மாமா. அதைப்பற்றி ஒன்றும் கேட்கல. 'எப்பப்பா திரும்பி வருவே?'ன்னு மட்டும் கேட்டாங்க. இரண்டு வருஷம்னு சொன்னேன். 'அது ஒப்பந்தம்டா. நீ எப்ப வருவே?'ன்னு மறுபடியும் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வரல."

படிக்காத அந்தத் தாய், நான் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி இருக்கிறது. ஆசைக்கு முடிவு தேதி இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

"அந்தக் கேள்விக்கு ஒரு தேதியைச் சொல்லு. சொன்ன தேதியை மீற மாட்டேன் என்று உன் மனம் ஒப்பினால் டிக்கெட் எடு. ஒப்பாவிட்டால், இங்கேயே இன்னொரு வழி தேடுவோம், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதற்கு ஜமாஅத்தில் பேசி இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு" என்று சொன்னேன். இஷாவுக்குப் பாங்கு ஒலித்தது. இருவரும் எழுந்தோம்.

இதை எழுதும்வரை அவர் முடிவு சொல்லவில்லை. அவசரப்படாமல் இருக்கிறாரே என்பதே எனக்கு மகிழ்ச்சி. நம் வீடுகளிலிருந்து புறப்படுகிறவர்களுக்கும், புறப்படாமல் இருந்து பாடுபடுகிறவர்களுக்கும், வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறவர்களுக்கும் வல்ல அல்லாஹ் ஹலாலான ரிஜ்கையும், போதுமென்ற மனத்தையும், உரிய நேரத்தில் திரும்பி வரும் தௌபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.